‘ஓகே’ என்று பதில் அனுப்பும் முன்

2023 டிசம்பர் 18ஆம் தேதி திங்கட்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் எங்கள் வீட்டு மாடிப்படியின் ஒன்பதாவது படிவரை தாமிரபரணித் தண்ணீர் ஏறி நின்றது. ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை விடவே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதும், ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய 800 பயணிகளோடு நின்றுபோனதும் எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தன. மின்சாரம் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. நான் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, தெருமுனையிலிருந்து இரண்டு இளைஞர்கள் மார்பளவுத் தண்ணீரில் எதையோ தள்ளிக்கொண்டு வந்தார்கள். கதவு கழற்றிய பழைய ஃபிரிட்ஜ் ஒன்றை மல்லாத்தி, அதற்குள் எதிர்வரிசை வீட்டு ஆச்சியை உட்காரவைத்திருந்தார்கள். ஆச்சி ஒரு கையால் விளிம்பைப் பற்றிக்கொண்டு, மறுகையால் முந்தானைக்குள் ஒரு பூனைக்குட்டியை அணைத்துக்கொண்டிருந்தார்.

நான் போனை எடுத்துப் பதிவுசெய்தேன். ஃபிரிட்ஜ் எங்கள் படிக்கட்டை நெருங்கியதும், “அக்கா, ஒரு கை குடுங்க” என்று முன்னால் வந்தவர் கத்தினார். போனை அணைக்காமலேயே கைப்பிடிச்சுவர் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனேன். அதனால் அந்த வீடியோவின் கடைசி ஒன்பது விநாடிகளில் சாம்பல் நிற வானமும், என் இடுப்பில் கிடந்த சாவிக்கொத்தின் ஓசையும், “பாத்து வாங்க ஆச்சி” என்ற என் குரலும் மட்டுமே இருக்கின்றன. மொத்தம் 1 நிமிடம் 52 விநாடி. அந்த ஒன்பது விநாடிகள் பின்னால் எனக்கு எவ்வளவு உதவப் போகின்றன என்பது அப்போது தெரியாது.

நான் திருநெல்வேலி சந்திப்புப் பகுதியில் ஜெராக்ஸ் கடையும், அதனோடு ஆன்லைன் விண்ணப்பங்கள் நிரப்பித் தரும் வேலையும் நடத்துகிறேன். மற்றவர்களின் படிவங்களில் ஒரு கட்டத்தைக்கூட விடாமல் படிக்கும் பழக்கமுள்ள நான், எனக்குச் சொந்தமான ஒன்றை எந்தப் படிவமும் இல்லாமல் ஊருக்கே தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்ற வருத்தம்தான் இதை எழுதத் தூண்டியது.

சிக்னல் வந்த மாலையில், உறவினர்களுக்கு நிலைமையைத் தெரிவிப்பதற்காகத் தெருவின் வாட்ஸ்அப் குழுவிலும், சென்னையில் இருக்கும் சித்தி மகனுக்கும் வீடியோவை அனுப்பினேன். தம்பி அதை அன்றிரவே எக்ஸ் தளத்தில் போட்டான். மறுநாள் காலை அவன் பேசியபோது குரலில் அவ்வளவு உற்சாகம்: “அக்கா, நம்ம வீடியோ டிவில ஓடுது!” உண்மைதான். ஒரு தொலைக்காட்சி தன் லோகோவை மூலையில் பொறித்து, சோக வயலின் இசையைச் சேர்த்து, ‘பிரத்யேகக் காட்சி’ என்ற பட்டையோடு ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. முகநூல் பக்கங்கள் சில, அந்த லோகோவையும் மறைத்துத் தங்கள் பெயரை அதன்மேல் ஒட்டியிருந்தன. ஒரு பக்கத்தில் மட்டும் 14 லட்சம் பார்வைகள். என் பெயரோ எங்கள் தெருவின் பெயரோ எங்கும் இல்லை. ஒரு பக்கம் அதைத் தூத்துக்குடி என்று போட்டிருந்தது. இன்னொன்று சென்னை என்றே போட்டிருந்தது.

இதைவிடப் பெரிய தவறு தம்பியின் பதிவுக்குக் கீழே நடந்திருந்தது. வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களிலிருந்து இரண்டு பேர் மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்: இந்தக் காட்சியை எடுத்தவர் நீங்கள்தானா, உங்கள் பெயரைக் குறிப்பிட்டு எங்கள் எல்லாத் தளங்களிலும் எங்கள் கூட்டாளி நிறுவனங்களின் தளங்களிலும் பயன்படுத்தலாமா? தம்பி இருவருக்கும் ‘ஓகே’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டிருந்தான். எடுத்தது அவன் இல்லை. அனுமதி கொடுக்கும் உரிமையும் அவனுக்கு இல்லை. ஆனால் கேட்டவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. ‘எல்லாத் தளங்களும்’, ‘கூட்டாளி நிறுவனங்கள்’ என்ற சொற்கள் எவ்வளவு அகலமானவை என்பது தம்பிக்கும் தெரியவில்லை. பணம் தர மாட்டோம் என்று அவர்கள் சொல்லவே இல்லை. நாங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். அன்றே கேட்டிருந்தால் சிறிய தொகையாவது கிடைத்திருக்கும் என்று, பிறகு இந்தத் துறையோடு பழகிய அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன். ஒரு செய்திக் காட்சிக்குத் தேவை உச்சத்தில் இருப்பது முதல் சில மணி நேரம்தான். வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கச் சுற்றி முடித்த காட்சிக்கு யாரும் விலை கொடுப்பதில்லை.

மூன்றாம் நாள் வேறொரு வகைச் செய்தி வந்தது. சாதாரண மனிதர்கள் எடுக்கும் வீடியோக்களை வாங்கித் தொலைக்காட்சிகளுக்கும் இணையதளங்களுக்கும் விற்றுத் தரும் முகவர் நிறுவனம் ஒன்று தம்பிக்கு எழுதியிருந்தது. இப்படிப்பட்ட நிறுவனங்கள் இன்று ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கின்றன. சமூக ஊடகக் காட்சிகளைச் சரிபார்த்துச் செய்தி அறைகளுக்கு வழங்குவதற்காக 2010இல் டப்ளினில் தொடங்கப்பட்ட ஸ்டோரிஃபுல் என்ற நிறுவனத்தை, 2013இல் நியூஸ் கார்ப் குழுமம் 1.8 கோடி யூரோ கொடுத்து வாங்கியது. நம் கையில் இருக்கும் ஒரு நிமிடக் காட்சிக்குப் பின்னால் அவ்வளவு பெரிய வணிகம் இருக்கிறது. எங்களுக்கு எழுதிய நிறுவனத்தின் படிவத்தைக் கடைக் கணினியில் திறந்து, வழக்கம்போல் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். வருமானத்தில் பாதி உங்களுக்கு என்று மேலே பெரிய எழுத்தில் இருந்தது. கீழே சிறிய எழுத்தில், உலகம் முழுவதற்கும், என்றென்றைக்கும், திரும்பப் பெற முடியாத, முழுமையான தனியுரிமை, அதாவது அவர்களைத் தவிர வேறு யாருக்கும் நான் கொடுக்க முடியாத உரிமை என்று இருந்தது. வீடியோவால் ஏதேனும் வழக்கு வந்தால் செலவு என்னுடையது என்ற வரியும் இருந்தது. எத்தனை பேருக்கு விற்றோம், எவ்வளவுக்கு விற்றோம் என்று எனக்குக் கணக்குக் காட்டும் வரி மட்டும் இல்லை.

அந்த நேரத்தில் எங்கள் கடைக்கு வழக்குத் தாள்களை நகலெடுக்க வரும் ஒரு வழக்கறிஞரிடம் படிவத்தைக் காட்டினேன். அவர் நின்றபடியே படித்துவிட்டு, “கையெழுத்து போட்டுடாதம்மா, மொதல்ல ஒன்கிட்ட என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க” என்றார். அவர் விளக்கியதை, நான் பிறகு சட்டத்தைப் படித்துப் புரிந்துகொண்டதோடு சேர்த்து இங்கே சொல்கிறேன்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, போனில் எடுக்கும் வீடியோவும் காட்சிப் பதிவு என்ற வகையில் திரைப்படத்துக்குரிய பாதுகாப்பைப் பெறுகிறது. தானே முன்வந்து எடுத்தவரே அதன் முதல் உரிமையாளர். பதிவு அலுவலகத்தில் பதிந்தால்தான் உரிமை உண்டு என்பதில்லை. பதிவுசெய்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. வெளியிட்ட ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் அது நீடிக்கும். இந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதானால், எழுத்தில் இருக்க வேண்டும், உரிமையாளர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்தவர் கையெழுத்திட வேண்டும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் பொருள்கொள்ள வேண்டும். ஆகவே ‘ஓகே’ என்ற பதில் ஒருவருக்குப் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதியைக் கொடுக்கலாம். ஆனால் உடைமையைக் கைமாற்றிவிடாது. இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, நடப்புச் செய்திகளைத் தெரிவிப்பதற்காக நியாயமான அளவில் எடுத்தாள்வதை மீறலாகக் கருதுவதில்லை. தொலைக்காட்சிகள் இந்தப் பிரிவைத்தான் கேடயமாக நீட்டுகின்றன. நியாயமான அளவு எது என்பதை வழக்குக்கு வழக்கு நீதிமன்றமே முடிவுசெய்யும் என்றாலும், முழு வீடியோவையும் எடுத்து, தன் லோகோவைப் பொறித்து, மூன்று நாள்கள் திரும்பத் திரும்ப ஓட்டுவது அந்த அளவுக்குள் எளிதில் அடங்காது என்று வழக்கறிஞர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. 2025 மே மாதத்தில், சில விநாடிக் காட்சிகளைப் பயன்படுத்தியதற்காக ஒரு செய்தி முகமை தங்கள் சேனல்கள் மீது ஸ்டிரைக் (பதிப்புரிமைப் புகாரால் யூடியூபில் விழும் எச்சரிக்கைப் புள்ளி) கொடுத்து லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டதாக இந்திய யூடியூபர்கள் குற்றம்சாட்டினார்கள். ஒரு செய்தி முகமையின் சில விநாடிகளுக்கு விலை உண்டு என்றால், மாடியில் நின்று ஒரு பெண் எடுத்த 112 விநாடிகளுக்கும் விலை உண்டு.

லோகோ போட்ட தொலைக்காட்சிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். கோபமாக எழுதவில்லை. எடுத்த இடம், தேதி, நேரம், அவர்கள் ஒளிபரப்பிய நாள்கள், நான் கேட்கும் தொகை 8,000 ரூபாய், பதிலுக்குப் பதினைந்து நாள் அவகாசம், இவ்வளவுதான். வீடியோவை எடுத்தது நீங்கள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். அங்கேதான் அந்த ஒன்பது விநாடிகள் வந்தன. குழுவில் அனுப்பும்போது வானம் மட்டும் தெரியும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் அனுப்பியிருந்தேன். ஆகவே ஊரெல்லாம் சுற்றிய எந்தப் பிரதியிலும் அது இல்லை. போனில் இருந்த மூலக் கோப்பை, அதற்கு முன்னும் பின்னும் அதே மாடியிலிருந்து எடுத்த மூன்று சிறு பதிவுகளோடு சேர்த்துக் காட்டினேன். மேலும் இரண்டு வாரம் இழுத்தடித்துவிட்டு 5,000 ரூபாய் கொடுத்தார்கள். இன்னொரு தொலைக்காட்சி இன்றுவரை பதிலே தரவில்லை.

மூலக் கோப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத் தரம் குறைகிறது. எடுத்த நேரம், இடம் பற்றிக் கோப்புக்குள் இருக்கும் தகவலும் உதிர்ந்துவிடுகிறது. அதே வீடியோவை ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். நான் இப்போது எந்தக் காட்சியை எடுத்தாலும் முதலில் அதைத் தொடாமல் ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் சேமிக்கிறேன். வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் பிரதியில்தான். வெளியே கொடுக்கும் பிரதியில் தொடக்கத்திலும் முடிவிலும் சில விநாடிகளைக் குறைத்துக் கொடுக்கிறேன். முழு நீளம் என்னிடம் மட்டுமே இருக்கும்.

எடுக்கும் முறையும் மாறியிருக்கிறது. போனைக் கிடைமட்டமாகப் பிடித்து, ஒரே காட்சியில் குறைந்தது பத்து விநாடி ஆடாமல் நிற்கிறேன். முடிந்தால் இடத்தை அடையாளம் காட்டும் ஒன்று, கோபுரமோ கடைப் பலகையோ பாலமோ, ஒருமுறையாவது சட்டகத்துக்குள் வரும்படி பார்த்துக்கொள்கிறேன். செய்தி அறைகளில் சரிபார்ப்பவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். ஒவ்வொரு வெள்ளத்திலும் பழைய வெள்ளக் காட்சிகள் புதியவைபோல் உலவுவதால், நம்மிடம் அவர்கள் கேட்கும் கேள்விகளை அவமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பாட்டு சேர்க்கக் கூடாது. எழுத்து ஒட்டக் கூடாது. பின்னணியில் பாட்டு இருந்தால் அந்தப் பாட்டின் உரிமைச் சிக்கலும் நம் தலையில் வந்து விழும். உள்ளபடி பதிவான ஓசைக்குத்தான் மதிப்பு.

முகநூல், யூடியூப் பக்கங்களில் புகார் கொடுத்து நீக்கவைப்பது, நினைத்ததைவிட எளிதாகவே இருந்தது. யூடியூபில் அதற்கென்று படிவம் இருக்கிறது. 90 நாள்களுக்குள் மூன்று ஸ்டிரைக் விழுந்தால் அந்தச் சேனலே முடக்கப்படலாம் என்பதால், சில பக்கங்கள் உடனே இறங்கிவந்து பேசின. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புகார் கொடுப்பவரின் சட்டபூர்வமான பெயர் எதிர்த் தரப்புக்குத் தெரிவிக்கப்படும். எதிர்த் தரப்பு மறுப்பு அனுப்பினால், நாம் பத்து வேலைநாள்களுக்குள் வழக்குத் தொடுத்ததற்கான ஆதாரத்தைக் காட்டாவிட்டால் வீடியோ திரும்பி வந்துவிடலாம். முன்பின் தெரியாதவர்களிடம் என் பெயர் போவதை விரும்பாததால், பெரிய பக்கங்கள் நான்கின் மீது மட்டும் புகார் கொடுத்தேன். மற்றவற்றை விட்டுவிட்டேன்.

இந்த உரிமை எவ்வளவு காலம் உயிரோடிருக்கும் என்பதற்குப் பழைய நிகழ்வுகள் சிலவற்றைத் தேடிப் படித்தேன். 1963 நவம்பர் 22 அன்று டல்லஸ் நகரில் அதிபர் கென்னடி சுடப்பட்டதை, ஆபிரகாம் சப்ரூடர் என்ற ஆயத்த ஆடைத் தொழில் நடத்தியவர் தன் வீட்டு உபயோக 8 மில்லிமீட்டர் கேமராவில் பதிவுசெய்தார். 26 விநாடிப் படம். லைஃப் இதழ் அதற்கு 1,50,000 டாலர் கொடுத்தது. முதல் தவணையிலிருந்து 25,000 டாலரை, அன்று கொல்லப்பட்ட காவலர் ஒருவரின் மனைவிக்குச் சப்ரூடர் கொடுத்தார். அதிபரின் தலையில் குண்டு பாயும் 313ஆம் சட்டகத்தை அச்சிடக் கூடாது என்றும் நிபந்தனை போட்டார். 1999இல் அந்தச் சுருளுக்காக அமெரிக்க அரசு அவருடைய குடும்பத்துக்கு 1.6 கோடி டாலர் கொடுக்க நேர்ந்தது. 1991இல் லாஸ் ஏஞ்சலீஸில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைக் காவலர்கள் அடித்ததைத் தன் வீட்டு பால்கனியிலிருந்து பதிவுசெய்த பிளம்பர் ஜார்ஜ் ஹாலிடேவுக்கு உள்ளூர்த் தொலைக்காட்சி கொடுத்தது 500 டாலர். எனக்கு அதிக நம்பிக்கை கொடுத்தது மூன்றாவது நிகழ்வு. டேனியல் மோரெல் தொழில்முறைப் புகைப்படக்காரர்தான். ஆனாலும் அவருக்கு நேர்ந்தது என் கதை போலவே இருந்தது. 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது அவர் ட்விட்டர் வழியாகப் பகிர்ந்த படங்களை அனுமதியின்றி விநியோகித்ததற்காக, செய்தி முகமையான ஏஎஃப்பி, படங்களை விற்கும் கெட்டி ஆகிய இரு பெரிய நிறுவனங்களும் அவருக்கு 12 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று 2013இல் நியூயார்க் ஜூரி முடிவுசெய்தது. பொதுவெளியில் போட்டதாலேயே அது பொதுச்சொத்து ஆகிவிடாது என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

ஓர் ஆண்டு கழித்து, 2024 டிசம்பர் நடுவில், தாமிரபரணியில் மீண்டும் வெள்ளம் வந்து குறுக்குத்துறை முருகன் கோவிலைச் சூழ்ந்தபோது நான் தயாராக இருந்தேன். எட்டுக் காட்சிகள் எடுத்தேன். குடும்பக் குழுவுக்கு ஒரு புகைப்படம் மட்டும் அனுப்பிவிட்டு, முன்பே குறித்துவைத்திருந்த உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவருக்கு நேரடியாக எழுதினேன்: “இன்று காலை 6.40க்கு நான் எடுத்தது. உங்கள் சேனலுக்கு மட்டும் 24 மணி நேரத்துக்கு 2,500 ரூபாய். அதன் பிறகு மற்றவர்களுக்கும் கொடுப்பேன். சம்மதம் என்றால் எழுத்தில் பதில் அனுப்புங்கள், மூலக் கோப்பை அனுப்புகிறேன்.” இருபது நிமிடத்தில் சம்மதம் வந்தது. மறுநாள் அதே காட்சிகளை, தனியுரிமை கேட்காத ஒரு வெளிநாட்டு முகவருக்கு இரண்டு ஆண்டுக் கால வரையறையோடு கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து 64 டாலர் வந்தது. இதுவரை இந்த வழியில் என் கைக்கு வந்தது மொத்தமும் சேர்த்து ஏறக்குறைய 13,000 ரூபாய்தான். இதை நம்பி யாரும் வேலையை விட முடியாது. செய்தி நம் மாடிக்கு எதிரே தானாக வந்து நிற்கும் நாள் வாழ்க்கையில் ஓரிரு முறைதான் வரும். அந்த நாளில் ஏமாறாமல் இருந்தால் போதும்.

பணம் வரும் வழியிலும் சில நடைமுறைகள் உண்டு. அமெரிக்க நிறுவனமாக இருந்தால் டபிள்யூ-8பென் என்ற படிவத்தைக் கேட்பார்கள். நாம் அமெரிக்கக் குடிமக்கள் அல்ல என்பதைத் தெரிவிக்கும் அந்தப் படிவத்தை நிரப்பாவிட்டால் 30 சதவீதம் வரை பிடித்துக்கொள்ள வாய்ப்புண்டு. வங்கி, பணம் எதற்காக வந்தது என்று கேட்கும். ஒப்பந்த மின்னஞ்சலின் நகல் கையில் இருந்தால் போதும். வருமான வரிக் கணக்கில் இதைக் காட்டிவிட வேண்டும். உங்கள் வீடியோவை விற்றுத் தருகிறேன், அதற்கு முன் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று கேட்பவர்களை மட்டும் உடனே தடைசெய்துவிடுங்கள்.

எடுத்ததையெல்லாம் விற்கவும் கூடாது. சென்ற ஆண்டு நான்குவழிச்சாலையில் எங்களுக்கு முன்னால் சென்ற கார் நிலைதடுமாறி ஒரு பைக் மீது மோதியதை, பேருந்தின் முன்னிருக்கையில் இருந்த நான் தற்செயலாகப் பதிவுசெய்திருந்தேன். அன்று மாலையே ஒரு செய்தியாளர், யார் மூலமோ கேள்விப்பட்டு, நான் கேட்காமலேயே 4,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். அடிபட்டவரின் முகம் அதில் தெளிவாகத் தெரிந்தது. அவருடைய வீட்டுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்குமா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் கொடுக்கவில்லை. காவல்துறைக்கு மட்டும் கொடுத்தேன். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தரும்போது அதோடு ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும். மூலக் கோப்பு மாறாமல் இருந்தால்தான் அதில் நம்பிக்கையோடு கையெழுத்திட முடியும். போலீஸ் நிலையத்தில் அதை எழுதிக் கொடுத்துவிட்டு, என் போனில் இருந்த கோப்பை இன்றும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஆச்சியைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. தொலைக்காட்சி கொடுத்த பணத்தில் பாதியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனபோது, அவருடைய மகன் என்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. நனைந்த சேலையோடு அம்மா உட்கார்ந்திருப்பதை வயலின் இசையோடு ஊரே பார்த்தது அவருக்குத் தாங்க முடியாத வேதனையாக இருந்திருக்கிறது. வீடியோவின் உரிமையாளர் யார் என்று அத்தனை நாள் சட்டம் படித்த நான், அதற்குள் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆச்சிதான், “பணமெல்லாம் வேண்டாம்ளா. நாளைக்கு எவனும் கேட்டா பூனைக்குட்டியக் காட்டச் சொல்லு, எம் மொகத்த மறச்சிரு” என்றார்.

போன மாதம் வெள்ளங்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் வெளிநாட்டுக் குழு ஒன்று பன்னிரண்டு விநாடிகளைக் கேட்டு எழுதியது. ஐந்து ஆண்டுகளுக்கு, அந்த ஒரு படத்துக்கு மட்டும், தனியுரிமை இல்லாமல், இவ்வளவு தொகை, ஆச்சியின் முகம் தெரியாத பகுதி மட்டும் என்று எழுதி, 41ஆம் விநாடியிலிருந்து 53ஆம் விநாடிவரை வெட்டி, குறுக்கே என் பெயர் போட்ட மாதிரிப் பிரதியை அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.